போர்வைக்கு எத்தனை பேர் போடுவது?



துண்டுத் துணி சேர்த்துப் போர்வை தைக்கத் தெரிந்தவர்கள் நம் லயங்களில் பலர் இருக்கிறார்கள். கொழும்புப் பக்கம் கார்மெண்ட் வேலைக்குப் போன பிள்ளை தீபாவளிக்கு வரும்போது கட்பீஸ் மூட்டையும் கூடவே வருகிறது. தைப்பதில் நமக்குச் சிரமம் இல்லை. "என்ன விலைங்க?" என்று ஒருவர் கேட்டுவிட்டால்தான் வாய் அடைத்துப் போகிறது. "நீங்களே பார்த்துக் குடுங்க" என்று சொல்லிவிடுகிறோம். வாங்குகிறவர் பார்த்துக் கொடுத்தால் அது குறைவாகத்தான் இருக்கும். அவர் மேல் குற்றம் இல்லை. அவருக்குத் தையல் கணக்குத் தெரியாது. நமக்காவது தெரிய வேண்டாமா?

பிள்ளையின் பழைய கொப்பி ஒன்றையும் பென்சிலையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஓர் ஆள் படுக்கும் கட்டிலுக்கு 60 அங்குல அகலம், 90 அங்குல நீளத்தில் ஒரு போர்வை என்று வைத்துக்கொள்வோம். துண்டுகளை ஆறரை அங்குலச் சதுரமாக வெட்டினால், சுற்றிலும் கால் அங்குலம் தையலுக்குப் போக, ஆறு அங்குலம் மிஞ்சும். அகலத்துக்குப் பத்து, நீளத்துக்குப் பதினைந்து, மொத்தம் 150 துண்டு. இதில் ஒரு விஷயம் கவனியுங்கள். வெட்டிய துணியில் ஏறக்குறைய நூற்றுக்குப் பதினைந்து பங்கு தையலுக்குள்ளேயே மறைந்துவிடுகிறது. போர்வையை விரித்துப் பார்த்து "இவ்வளவு துணிதானே" என்று சொல்பவருக்கு இது தெரியாது. அடித்துணிக்கும் அப்படித்தான். 45 அங்குலத் துணி ஒரு அகலம் போதாது, இரண்டை இணைக்க வேண்டும். இரண்டரை யார் இரண்டு, தையலுக்குக் கால் யார், ஆக ஐந்தே கால் யார்.

இனிச் சாமான் செலவு. கீழே வரும் தொகைகள் கணக்குக் காட்டுவதற்காக மட்டும். உங்கள் டவுனில் என்ன விலையோ அதைப் போடுங்கள். கட்பீஸ் இரண்டு கிலோ 800 ரூபா, அடித்துணி யார் 400 வீதம் 2100, நடுவில் வைக்கும் பஞ்சு விரிப்பு 1500, நூல் 300, ஊசி, மெஷின் எண்ணெய், கரண்ட் எல்லாம் சேர்த்து 150, பஸ் காசில் இந்தப் போர்வையின் பங்கு 150. மொத்தம் 5000 ரூபா.

"கட்பீஸ் மகள் சும்மாதானே கொண்டாந்தா, அதுக்கு எதுக்குக் காசு?" என்று கேட்பீர்கள். மகள் வேலையை விட்டுவிட்டால் அடுத்த மாதம் கடையில்தான் வாங்க வேண்டும். அன்றைக்கு விலையைத் திடீரென்று ஏற்றினால் வாங்குகிறவர் முகம் சுளிப்பார். சும்மா கிடைத்த துணிக்கும் கடை விலையைப் போடுங்கள்.

அடுத்தது கூலி. நாம் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான்.

வெட்ட 3 மணித்தியாலம், துண்டுகளை இணைக்க 10, அடுக்கி ஓட்டுத் தையல் போட 3, மூன்று அடுக்கையும் சேர்த்துத் தைக்க 6, ஓரம் கட்ட 4, அயன் பண்ணவும் பிசகிய தையலைப் பிரித்துத் தைக்கவும் 2. ஆக 28 மணித்தியாலம். எட்டு மணித்தியாலம் ஒரு பேர் என்றால் மூன்றரைப் பேர். பகலில் மலையில் கொழுந்து எடுத்துவிட்டு ராத்திரி இரண்டு மணித்தியாலம் தைத்தால் பதினாலு ராத்திரி. (புதிதாகப் பழகுகிறவருக்கு நாற்பது மணித்தியாலம் கூடப் பிடிக்கும். அதற்காக ஐந்து பேர் போடக் கூடாது. நாம் தொழில் பழகுகிற நேரத்துக்கு வாங்குகிறவர் காசு தர மாட்டார். பழகிய கைக்கு எவ்வளவு பிடிக்குமோ அதுதான் கணக்கு.)

ஒரு பேருக்கு எவ்வளவு? 2024 இல் அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபா என்று வர்த்தமானியில் வந்தது. கணக்குக்கு அதையே எடுப்போம்; உங்கள் சம்பளச் சீட்டில் வேறு தொகை இருந்தால் அதைப் போடுங்கள். மூன்றரைப் பேருக்கு 4725 ரூபா. சாமானோடு சேர்த்தால் 9725. மெஷின் பெல்ட் அறுந்தாலோ, அடுத்த போர்வைக்குத் துணி வாங்க வேண்டியிருந்தாலோ கையில் ஏதாவது இருக்க வேண்டும். அதற்கு நூற்றுக்குப் பத்து. விலை ஏறக்குறைய 10,700 ரூபா.

"ஐயோ, பத்தாயிரமா! யாரு வாங்குவா?"

சரி, 6500 ரூபாவுக்குக் கொடுத்தோம் என்று வைப்போம். கையில் புதுத் தாள் வந்ததும் சந்தோஷமாகத்தான் இருக்கும். ஆனால் அதில் 5000 சாமானுக்குப் போய்விட்டது. மிச்சம் 1500. அதை மூன்றரையால் பிரித்தால் ஒரு பேருக்கு 429 ரூபா. அந்தச் சம்பளத்துக்கு நாளைக் காலையில் பெரட்டில் கூப்பிட்டால் நாம் போவோமா? தராசில் அரைக் கிலோ கூடுதலாகக் கழித்தால் கணக்கப்பிள்ளையோடு சண்டை பிடிக்கிறோம். அரைப் பேர் விழுந்தால் ராத்திரி தூக்கம் வராது. வீட்டு மெஷினில் மட்டும் இரண்டு பேருக்கு மேல் நாமே வெட்டிவிட்டுச் சும்மா இருக்கிறோம்.

தோட்டத்தில் பெண்ணின் பேருக்கும் ஆணின் பேருக்கும் ஒரே சம்பளம் என்று ஆனது 1984 இல்தான். அதுவும் போராடிக் கிடைத்தது. பழைய காலத்தில் துரைமார் கூலிகளுக்குக் கம்பளி கொடுத்தார்கள் என்று பெருமையாகச் சொல்வார்கள். அந்தக் கம்பளியையும் பற்றில் எழுதிச் சம்பளத்தில்தான் பிடித்தார்கள். குளிருக்குக் கொடுத்த துணிக்கே கணக்கு வைத்தவர்கள் அவர்கள்; தைத்த துணிக்கு நாம் கணக்கு வைத்தால் என்ன பிழை?

டவுன் கடையில் வைத்து விற்பதாக இருந்தால் இன்னொரு கணக்கு இருக்கிறது. கடைக்காரர் விற்கிற விலையில் நூற்றுக்கு 25 எடுப்பார் என்று வையுங்கள். 10,700 உடன் 25 வீதம் கூட்டி 13,375 என்று சொன்னால் சரியாகிவிடும் என்று தோன்றும். ஆகாது. 13,375 இல் அவர் 25 வீதம் எடுத்தபின் உங்களுக்கு வருவது 10,031 தான். 669 ரூபா கைநட்டம். அவருக்குக் கால் பங்கு போனால் உங்களுக்கு முக்கால் பங்கு. முக்கால் பங்கு 10,700 ஆக இருக்க, முழு விலை 14,267. சுற்றி 14,300 என்று சொல்லுங்கள்.

இனிச் சொந்தக்காரர் கதை. பக்கத்துக் காம்பரா மதினி வந்து, "மகளுக்குக் கலியாணம், ஒரு போர்வை தச்சுத் தாங்க, நமக்குள்ள என்ன விலை?" என்கிறார். இந்த இடத்தில் தடுமாறாதவர் யாரும் இல்லை. முகத்தை முறிக்கவும் முடியாது, பதினாலு ராத்திரியைச் சும்மா கொடுக்கவும் முடியாது. கடைசியில் பாதி விலை சொல்கிறோம். பாதி விலைதான் ரொம்ப மோசம் என்பது என் அபிப்பிராயம். துணிக்கடைக்காரர் உங்கள் மதினிக்காக ஒரு சதமும் குறைக்க மாட்டார். ஆகவே குறைவது முழுக்க உங்கள் கூலியில் இருந்துதான். மதினிக்கோ, காசு கொடுத்து வாங்கினேன் என்ற நினைப்பு. உங்களுக்கோ, பாதியைச் சும்மா கொடுத்தேன் என்ற நினைப்பு. அடுத்த சடங்கு வீட்டில் இது பேச்சாக வெளியே வரும்.

கொடுப்பதென்றால் முழுசாகக் கொடுங்கள். "இது என் சீதனமா இருக்கட்டும்" என்று சொல்லி மொய் நோட்டிலும் எழுத வையுங்கள். வருஷத்துக்கு ஒரு போர்வையோ இரண்டோ அப்படிக் கொடுக்கலாம் என்று முதலிலேயே மனதில் முடிவு செய்துகொள்ளுங்கள். இல்லாவிட்டால் கைமாற்று வேலை பேசுங்கள்: "சாமானுக்கு 5000 தாங்க மதினி, என் மூணரைப் பேருக்கு நீங்க மூணு ஞாயித்துக்கெழமை வெறகு எடுத்துத் தாங்க, ஒரு அரை நாள் சின்னவனப் பாத்துக்கங்க." இது நம் சனங்களுக்குப் புதிதல்ல. மூன்றாவது வழி, விற்பதென்றால் முழு விலை. மனம் கேட்காமல் ஏதாவது குறைத்தாலும் சிட்டையில் முழு விலையை எழுதி, அதன் கீழே "தள்ளுபடி 1000" என்று எழுதிக் கொடுங்கள். அப்போதுதான் அடுத்து வருகிறவர் "மதினிக்கு 9700க்குத் தானே குடுத்தீங்க" என்று கேட்க மாட்டார்.

எந்த வழியானாலும் சாமான் காசு முன்னாலேயே கைக்கு வந்தாக வேண்டும். மிச்சத்தைச் சம்பளத் தேதியில் இரண்டு தவணையாக வாங்கலாம். தீபாவளி அட்வான்ஸ் வந்ததும் கேட்டால் சுலபம்.

டவுனில் மெஷினில் செய்த போர்வை மலிவாகக் கிடைக்கிறதே என்று ஒருவர் சொன்னால், குளிருக்கு மட்டும் என்றால் அதையே வாங்கச் சொல்லுங்கள். அந்த விலைக்கு நாம் இறங்க முடியாது, இறங்கவும் வேண்டாம். காசு குறைவாக இருக்கிறவருக்குச் சிறிதாகத் தைத்துக் கொடுக்கலாம். தொட்டில் பிள்ளைக்கு 36க்கு 48 அங்குலம் போதும். 48 துண்டு, ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வேலை. மிஞ்சும் துண்டில் தேநீர்ப் போச்சிக்கு உறை தைத்தால், பங்களாவில் தங்க வருகிற வெளியூர்க்காரர் விரும்பி வாங்குவார்கள். அதற்கும் மணித்தியாலத்தை எழுதி வையுங்கள். கால் பேரா, அரைப் பேரா என்று முதல் உறையைத் தைக்கும்போதே மணிக்கூட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள்.