பெட்ரோலில் தண்ணீர் என்னும் பிரமை

வாகனம் வைத்திருப்பவர்கள் நாலு பேர் கூடுகிற இடம் எதுவானாலும், அது டீக்கடையாயினும் கல்யாண வீடாயினும், அண்மைக் காலமாக ஒரே வதந்தி திரும்பத் திரும்பச் செவியில் விழுகிறது: “இப்போது பங்கில் போடுவது பெட்ரோலே அல்ல, அஞ்சில் ஒரு பங்கு தண்ணீர்.” சொல்பவர் வாய்வார்த்தையோடு நிறுத்துவதில்லை; கைபேசியை எடுத்து ஒரு காட்சியையும் காட்டிவிடுகிறார். அதில் ஒருவர் கண்ணாடிப் புட்டியில் பெட்ரோலை ஊற்றி, அதன்மேல் கொஞ்சம் தண்ணீரை விட்டு, மூடிக் குலுக்கி வைக்கிறார். சற்றுப் பொறுத்துப் பார்த்தால் அடியில் தேங்கிய திரவம், விட்ட தண்ணீரைக் காட்டிலும் கணிசமாக மிகுந்திருக்கிறது. அவ்வளவுதான், மோசடி நிரூபணமாகிவிட்டது என்று பார்ப்பவர் அனைவரும் தலையசைக்கிறார்கள். ரசாயன சாஸ்திரத்தைக் கற்பிப்பதிலேயே ஆயுளின் பெரும்பகுதியைச் செலவிட்டவன் என்ற முறையில், பள்ளி மாணவனும் பத்து நிமிஷத்தில் விளங்கிக்கொள்ளக்கூடிய ஒரு பரிசோதனையை இத்தனை பேர் தலைகீழாகப் புரிந்துகொண்டு பீதியடைவதை இனியும் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது தகாது என்று கருதுகிறேன்.

அந்தப் புட்டிக்குள் நடப்பது என்ன? இப்போது நம் பங்குகளில் விற்கும் பெட்ரோலில் எத்தனால் என்னும் சாராயச் சத்து கலந்திருக்கிறது. அது பெட்ரோலிலும் கரையும், தண்ணீரிலும் கரையும். ஆனால் இரண்டும் எதிரே இருக்கும்போது அது தண்ணீரையே நாடும். 100 மில்லிலிட்டர் கொள்ளும் அளவுச் சாடியில் 20 சதவிகித எத்தனால் கலந்த பெட்ரோலை 50 கோடு வரை ஊற்றுங்கள். அந்த ஐம்பதுக்குள் எத்தனால் மட்டும் 10. அதன்மேல் 50 மில்லிலிட்டர் தண்ணீரை விட்டுக் குலுக்கி, அசையாமல் நிறுத்துங்கள். முதலில் முழுவதும் பால்போல் கலங்கும். பிறகு கலக்கம் தெளிந்து நடுவே ஒரு கோடு உருவாகும். அந்தக் கோடு 50இல் நிற்காமல் 60ஐ ஒட்டி நிற்கும். மேலே மிதக்கும் பெட்ரோல் 40 அளவுக்குச் சுருங்கியிருக்கும். கீழே மிகுந்த அந்தப் பத்து, பெட்ரோலுக்குள் ஒளிந்திருந்த தண்ணீர் அல்ல. பெட்ரோலை விட்டு இறங்கிவந்து, நீங்கள் ஊற்றிய தண்ணீரோடு சேர்ந்துகொண்ட எத்தனால். அது ஏற்கெனவே தண்ணீராகவே இருந்திருக்குமானால், நீங்கள் ஒரு சொட்டும் விடுவதற்கு முன்பே அடியில் தனிப் படலமாகத் தென்பட்டிருக்க வேண்டும் அல்லவா? தெளிந்த பெட்ரோலில் தண்ணீரை ஊற்றியவர் தாமே. ஊற்றிவிட்டு, தண்ணீர் இருக்கிறதே என்று கூக்குரலிடுபவரும் தாமே. இதைப் பரிசோதனை என்று அழைப்பது பரிசோதனை என்ற சொல்லுக்கே அவமரியாதை.

இதில் வேதனைக்குரிய விஷயம் ஒன்றுண்டு. நம் நாட்டில் மோசடிக்கு அத்தாட்சியாகச் சுற்றிவரும் இதே சோதனை, பிரேஸில் தேசத்தில் கலப்படத்தைத் தடுக்கும் காவலாக விளங்குகிறது. 1975-ஆம் ஆண்டு அரசாங்கத் திட்டமாகவே எத்தனாலைக் கைக்கொண்ட அந்நாட்டில், சாதாரணப் பெட்ரோலில் 27 சதவிகிதம் எத்தனால் பல்லாண்டுகளாகக் கலக்கப்பட்டு, 2025 ஆகஸ்டு முதல் அது 30 சதவிகிதமாக உயர்த்தப்பட்டிருக்கிறது. அங்கே பங்குகளில் அளவுச் சாடி வைத்திருக்க வேண்டும். வாடிக்கையாளர் கேட்டால் 50 மில்லிலிட்டர் பெட்ரோலோடு 50 மில்லிலிட்டர் உப்புநீரைச் சேர்த்து, கோடு எவ்வளவு ஏறியது என்று அளந்து, விதித்த அளவு எத்தனால்தான் இருக்கிறதா என்று அவர் கண்முன்பே காட்ட வேண்டும். ஒரே சாடி, ஒரே சோதனை. அதன் பொருளை அறிந்தவர்களுக்கு அது உரிமை, அறியாதவர்களுக்கு அது பீதி.

வதந்திக்கு இன்னொரு வடிவம் உண்டு. “சரி, ஊற்றும்போது தண்ணீர் இல்லை, ஆனால் எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் ஸ்வபாவம் உடையதாயிற்றே, வண்டியை ஒரு வாரம் நிறுத்திவைத்தால் டாங்கெல்லாம் தண்ணீராகிவிடாதா?” என்று சற்றுப் படித்தவர்கள் கேட்கிறார்கள். எத்தனால் ஈரத்தை உறிஞ்சும் என்பது உண்மை. எவ்வளவு உறிஞ்சும் என்று கணக்கிடத்தான் எவரும் முன்வருவதில்லை, நாம் கணக்கிடுவோம். 12 லிட்டர் கொள்ளும் மோட்டார் சைக்கிள் டாங்கில் பாதி பெட்ரோல், பாதி காற்று என்று வைத்துக்கொள்வோம். 30 டிகிரி வெப்பத்தில், ஈரத்தால் முற்றும் நிறைந்த காற்று 1,000 லிட்டரில் உள்ள நீர் சுமார் 30 கிராம். ஆகவே டாங்கிலுள்ள 6 லிட்டர் காற்றில் இருப்பது ஒரு கிராமில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. மறுபுறம், 10 சதவிகிதக் கலவையே 15 டிகிரி குளிரில் தன் கொள்ளளவில் சுமார் அரை சதவிகித நீரைப் பிரியாமல் தாங்கும். 6 லிட்டருக்கு அது 30 மில்லிலிட்டர். எத்தனால் கூடக் கூட, வெப்பம் ஏற ஏற, இந்தத் தாங்கும் சக்தியும் கூடுமேயன்றிக் குறையாது. டாங்கிலுள்ள காற்று முழுவதும் நாள்தோறும் வெளியேறி, அத்தனையும் ஈரமான புதுக்காற்றாக மாறி, அதிலுள்ள ஈரம் ஒரு துளி விடாமல் பெட்ரோலில் இறங்குகிறது என்று நடவாத ஒன்றைக் கற்பித்துக்கொண்டாலும், அந்த எல்லையைத் தொட ஐந்து மாதத்துக்கு மேல் ஆகும். மூடி இறுக்கமாக உள்ள டாங்கில், பகல் வெப்பத்துக்கும் இரவுக் குளிர்ச்சிக்கும் ஏற்ப மாறும் காற்று மிகச் சொற்பம். தினசரி அலுவலகம் சென்று திரும்பி, வாரந்தோறும் பெட்ரோல் போடுகிறவர் இதைப் பற்றி ஒரு கணமும் கவலைப்பட வேண்டியதில்லை.

அப்படியானால் டாங்கில் தண்ணீர் கண்டதாகச் சொல்பவர்கள் அனைவரும் பொய்யர்களா? அல்லர். தண்ணீர் வருவதுண்டு, அது வரும் வழி வேறு. மோட்டார் சைக்கிளின் டாங்க் மூடியைத் திறந்து, வாயைச் சுற்றியுள்ள பள்ளத்தை உற்றுப் பாருங்கள்; பல வண்டிகளில் அங்கே பட்டாணி நுழையாத அளவுக்குச் சிறு துளை ஒன்று இருக்கும். மழைநீர் வடிவதற்காக அமைந்த வழி அது. தூசியும் மெழுகும் சேர்ந்து அது அடைபட்டுப்போனால், பள்ளத்தில் தேங்கும் நீர், தேய்ந்த ரப்பர் வளையத்தின் வழியே உள்ளே கசிகிறது. வாட்டர் சர்வீஸில் பீச்சும் வேகமான நீரும் அவ்வாறே. பங்கின் நிலத்தடித் தொட்டியில் ஐப்பசி கார்த்திகை மழை கசிவது மற்றொரு வழி. எத்தனால் சேராத பழைய பெட்ரோலாயின் இப்படி வந்த நீர் உடனே அடியில் தங்கிவிடும். எத்தனால் கலந்ததாயின் சிறிதளவு நீர் கரைந்து, எரிந்து, தொல்லையின்றிப் போய்விடும். ஆனால் அளவு எல்லை கடந்தால், நீர் எத்தனாலையும் தன்னோடு இழுத்துக்கொண்டு கீழே பிரியும், வண்டி நின்றுவிடும். இந்த அபாயம் மெய்யானது. அதை நான் மறைக்கவில்லை. ஆனால் குற்றவாளி அடைபட்ட துளையும் கசிகிற தொட்டியுமே.

வதந்தி வெறும் பேச்சோடு போயிருந்தால் மன்னிக்கலாம். பெட்ரோலை வீட்டிலேயே தண்ணீர் விட்டுக் குலுக்கி, “எத்தனாலை நீக்கிச் சுத்தப்படுத்தி” வண்டியில் ஊற்றும் துணிவுக்குச் சிலரை அது கொண்டுவந்து விட்டிருக்கிறது. மூடிய அறையில் பெட்ரோல் ஆவி பரவ, ஒரு ஸ்விட்சைத் தட்டினாலும் தீப்பற்றும்; உயிரோடு விளையாடும் மூடத்தனம் இது. அப்படிக் கழுவிய பெட்ரோல், எத்தனால் தந்த ஆக்டேன் பலத்தையும் இழந்து, நீரால் நனைந்து நிற்கிறது. இல்லாத தண்ணீருக்கு அஞ்சி, உள்ளபடியே தண்ணீரைச் சேர்ப்பதுதான் இதில் கண்ட பலன்.

மற்ற நம்பிக்கைகளுக்கு இத்தனை விஸ்தாரம் வேண்டாம்.

“மைலேஜ் பாதியாகிவிட்டது.” குறைவது உண்மை, பாதியாவது பொய். ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள சக்தி, ஒரு லிட்டர் பெட்ரோலில் உள்ளதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. ஆதலால் 20 சதவிகிதக் கலவையில் சுமார் 7 சதவிகிதம் குறையும் என்பது கணக்கு. 2021-இல் வெளியான நிதி ஆயோக் அறிக்கையும், பழைய அமைப்புள்ள கார்களுக்கு 6 முதல் 7, இருசக்கர வண்டிகளுக்கு 3 முதல் 4, புதிய கலவைக்கென இசைவிக்கப்பட்ட கார்களுக்கு 1 முதல் 2 சதவிகிதம் என்று மதிப்பிட்டது. லிட்டருக்கு 50 கிலோமீட்டர் ஓடிய வண்டி 30 ஓடுமானால், பழியை எத்தனால்மீது போடாமல் காற்று வடிகட்டியையும் ஸ்பார்க் பிளக்கையும் பாருங்கள்.

“பிரீமியம் பெட்ரோலில் எத்தனால் இல்லை.” பிரீமியம் என்ற பெயர் அதற்கு உத்தரவாதமன்று, 95 ஆக்டேன் பெட்ரோலிலும் எத்தனால் உண்டு. சில நகரங்களில் விற்கும் 100 ஆக்டேன் பெட்ரோலே எத்தனால் சேராதது என்று கூறப்படுவது. 2020 டிசம்பரில் டில்லியில் அது அறிமுகமானபோதே லிட்டர் 160 ரூபாய். சாதாரண ஸ்கூட்டருக்கு அதை ஊற்றுவதால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

“எத்தனால் ரப்பரைத் தின்றுவிடும்.” இதில் பாதி உண்மை. 2023 ஏப்ரலுக்குப் பின் வந்த வண்டிகளின் பாகங்கள் இதைத் தாங்கும்படி அமைந்தவை. பழைய வண்டிகளில் சில ரப்பர்க் குழாய்களையும் காஸ்கெட்டுகளையும் 20,000 முதல் 30,000 கிலோமீட்டர் ஓடியபின் மாற்ற நேரலாம் என்று பெட்ரோலிய அமைச்சகமே சொல்லியிருக்கிறது. அடுத்த சர்வீஸின்போது மெக்கானிக்கிடம் சொல்லிக் குழாயை அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். உப்பியோ வெடித்தோ இருந்தால் மாற்றிவிடுங்கள். சொற்பச் செலவுதான்.

“அந்தக் காலத்துப் பெட்ரோல் பரிசுத்தமானது.” 2000-ஆம் ஆண்டு வரை இந்நாட்டுப் பெட்ரோலில் ஈயம் கலந்திருந்தது, குழந்தைகளின் மூளையைக் கெடுக்கும் விஷம் அது. ஆக்டேனை உயர்த்த ஈயத்துக்குப் பதிலாக எத்தனால் நிற்பதை எண்ணி மகிழ வேண்டுமேயல்லாது, ஈயத்தின் காலத்துக்கு ஏங்குவது முறையன்று.

எத்தனால் சேராத பெட்ரோலுக்கு நியாயமான இடம் உண்டா எனின், உண்டு. மாதக்கணக்கில் உறங்கும் ஜெனரேட்டர், புல்வெட்டும் இயந்திரம், படகு, காட்சிக்கு வைத்த பழங்கால வண்டி ஆகியவற்றுக்கு அது உகந்தது. அமெரிக்காவில் 15 சதவிகிதக் கலவையை 2001-ஆம் ஆண்டு மாடலுக்கும் அதற்குப் பிந்திய கார்களுக்கும் அனுமதித்த அரசாங்கமே, மோட்டார் சைக்கிளுக்கும் படகுக்கும் சிறு இயந்திரங்களுக்கும் அதைத் தடுத்திருக்கிறது. அன்றாடம் ஓடும் வண்டியின் விஷயம் அதுவல்ல.

வதந்தி செழிப்பதற்கு அறியாமை மட்டும் காரணமன்று, மறைவும் காரணம் என்பதே என் திடமான அபிப்பிராயம். இன்று நம் பங்குகளில் அடர்த்தியைக் கேட்கலாம், 5 லிட்டர் அளவைக் கேட்கலாம், வடிகட்டித் தாளில் சொட்டவிட்டுக் கறை படிகிறதா என்று பார்க்கலாம். எத்தனால் எத்தனை சதவிகிதம் என்பதை மட்டும் வாடிக்கையாளர் தம் கண்ணால் காண வழியில்லை. ஒவ்வொரு பங்கிலும் ஓர் அளவுச் சாடியும் ஒரு குப்பி உப்புநீரும் வைக்கச் சட்டம் செய்யட்டும். குழாய்தோறும் எத்தனால் அளவு பெரிய எழுத்தில், தமிழில், பொறிக்கப்படட்டும். அவ்வளவு எளிய ஏற்பாட்டுக்கு ஆகும் செலவு, ஒரு பங்கின் ஒரு நாள் வியாபாரத்தில் தெரியாமல் போய்விடும். வாசகர்களுக்கு என் வேண்டுகோள்: அடுத்த முறை எவராவது அந்தப் புட்டிக் காட்சியைக் காட்டினால் அதை இன்னொருவருக்கு அனுப்பாதீர்கள், உங்கள் பங்கின் மேலாளரிடம் போய் அளவுச் சாடி எங்கே என்று கேளுங்கள்.