அம்மாச்சிக்கு ஒரு முக்காலி

அன்புள்ள மாணவிக்கு,

உன் கடிதத்தில் ஒரு வரி என்னைச் சீண்டிவிட்டது. "அம்மாச்சி நடமாட்டத்தைக் குறைத்தால் மிச்சமிருக்கும் மூட்டையாவது காப்பாற்றலாமா?" பிசியோதெரபி படிக்கிறவள் கேட்கிற கேள்வியா இது? குருத்தெலும்புக்கு ரத்தக்குழாய் கிடையாது என்று படித்தாயே, அப்புறம் அதற்குச் சாப்பாடு எங்கிருந்து வருமாம்? காலை ஊன்றும்போது பிழிபட்டு, எடுக்கும்போது மூட்டுநீரை உறிஞ்சித்தான் அது பிழைக்கிறது. கட்டிலில் உட்காரவைத்தால் அதற்குப் பட்டினிதான். முன்தொடைத் தசையும் கூடவே சூம்பிப்போகும்.

முட்டி எக்ஸ்ரேயில் தேய்மானம் மூன்றாம் நிலை என்றிருந்ததற்கா இவ்வளவு பயம்? படம் மோசமாக இருந்தும் வலியில்லாமல் நடப்பவர்கள் உண்டு. அந்த நிலைகளை 1957-இல் வகுத்த கெல்கிரெனும் லாரன்ஸும் அதற்கு முன்பே, 1952-இல், எழுதிய கட்டுரைதான் எனக்கு உயிர். இங்கிலாந்து நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளிகளின் முட்டியையும் அலுவலகத்தாரின் முட்டியையும் படமெடுத்து ஒப்பிட்டார்கள். தேய்மானம் சுரங்கத்தாருக்கே அதிகம். 2001-இல் வந்த இன்னோர் ஆய்வையும் தேடிப் படி. பெய்ஜிங் மூதாட்டிகள் அமெரிக்க மூதாட்டிகளைவிட ஒல்லி. ஆனாலும் முட்டித் தேய்மானம் அவர்களுக்குத்தான் அதிகம். நெடுங்காலம் குந்தி உட்கார்ந்த பழக்கத்தின்மேல் சந்தேகம் விழுந்தது.

இதைப் படித்துவிட்டு உங்கள் சிவகாசிப் பக்கம் பார். பட்டாசுக்குக் குழாய் உருட்டினாலும் சரி, திரி சொருகினாலும் சரி, தரையில்தான் வேலை. சாப்பாட்டு நேரத்தில் ஒரு கையைத் தரையில் ஊன்றி, மறுகையால் முட்டியை அழுத்தி, பல்லைக் கடித்துக்கொண்டு எழுகிற பெண்களை நீ பார்க்காததா? நான் சொன்னால் டாக்டர்கள் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும்: இந்த ஊர் முட்டிவலிக்கு முதல் மருந்து முக்காலிதான். பட்டாசு ஆலையின் மருந்து அறைக்குள் எதைக் கொண்டுபோனாலும் விதியைப் பார்க்க வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். வீட்டில் வெறும் காகிதக் குழாய் உருட்ட என்ன தடை? இடுப்பு முட்டியைவிடச் சற்று மேலே இருக்கும்படி முக்காலி, அதற்கேற்ற உயரத்தில் ஒரு பலகை, அரை மணிக்கு ஒருதரம் எழுந்து நாலு எட்டு. கழிப்பறையிலும் குந்த வேண்டாம், நாற்காலி வகை வை.

அப்புறம் தொடை. நாற்காலியில் உட்கார்ந்து காலை நேராக நீட்டி, தசையை இறுக்கி, ஐந்து எண்ணும்வரை நிறுத்தச் சொல். பத்துத் தடவை, தினம் இருவேளை. முதலில் வலிக்கத்தான் செய்யும். வலி மறுநாளும் நீடித்தால் எண்ணிக்கையைக் குறை, நிறுத்திவிடாதே. பலன் தெரியச் சில வாரங்கள் பிடிக்கும். வீட்டுக்கே பிசியோதெரபிஸ்ட் வருகிற ஏற்பாடு 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் 2021 முதல் இருக்கிறது, கேட்டுப் பார்.

உடம்பில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முட்டிக்கு நாலு கிலோ பாரம் குறைகிறது. கம்பு வலிக்கிற காலுக்கு எதிர்க் கையில். மருந்துக்கடைக்காரர் எடுத்துக் கொடுக்கும் வலி மாத்திரையைத் தினமும் விழுங்கினால் சிறுநீரகம் கெடலாம். டைக்ளோஃபெனாக் களிம்பு பரவாயில்லை. குளுக்கோசமைனில் காசைக் கரைக்காதே. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஸ்டீராய்டு ஊசி போட்டவர்களுக்குக் குருத்தெலும்பு இன்னும் வேகமாகக் குறைந்ததை 2017 ஆய்வு காட்டியது.

அறுவைச் சிகிச்சைக்கு நான் எதிரியில்லை. இவ்வளவும் ஒழுங்காகச் செய்தும் ராத்தூக்கம் கெட்டால் அப்போது யோசிக்கலாம். முட்டி திடீரென வீங்கிக் காய்ச்சலும் வந்தால் மட்டும் அன்றே டாக்டரிடம் கூட்டிப்போ.

கையை ஊன்றாமல் முப்பது வினாடியில் அம்மாச்சி எத்தனை தடவை நாற்காலியிலிருந்து எழுகிறார் என்று நாளைக் காலையில் எண்ணி எழுது. அடுத்த மாதம் மறுபடி எண்ணு.

அன்புடன்,
உன் ஆசிரியர்