கை கேட்கும் வரிசையில் அடுக்கு

குலசேகரம்

அன்புள்ள மருமகனுக்கு மாமன் எழுதுவது.

கிறிஸ்துமஸ் லீவுக்கு நண்பர்கள் இரண்டு பேரோடு வருகிறாய், ஒருநாள் குளத்திலும் ஒருநாள் முட்டம் பாறையிலும் தூண்டில் போடப்போகிறாய் என்று உன் அம்மை சொன்னாள். நீ வாங்கிய சாமான்களின் படத்தையும் பார்த்தேன். கட்டில் நிறையப் பரப்பி வைத்திருக்கிறாய் மக்களே. எல்லாம் நல்ல சாமான்தான். இதையெல்லாம் எப்படி அடுக்கிக் கொண்டுவருவது என்று கேட்டாயே, அது போனில் சொல்லி முடிகிற காரியமில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

முதல் விஷயம், ரகம் பார்த்து அடுக்காதே. தூண்டில் முள்ளெல்லாம் ஒரு டப்பா, ஈயமெல்லாம் ஒரு டப்பா, மிதப்பெல்லாம் ஒரு டப்பா என்று வைப்பது கடைக்காரருக்குச் சரி. கரையில் நிற்கிறவனுக்குக் கை எதை முதலில் கேட்கும், எதை அடுத்துக் கேட்கும் என்பதுதான் கணக்கு.

தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்துக்கு ஒருநாள் உன்னைக் கூட்டிப்போகிறேன். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைக்காரர்கள் ஆழ்கடலில் வாரக்கணக்கில் தங்கி மீன் பிடிக்கிறவர்கள். சுறாவுக்கும் சூரைக்கும் அவர்கள் விடுகிற தூண்டில், கிலோமீட்டர் கணக்கில் நீளும் ஒரே கயிறு. அதில் நூற்றுக்கணக்கில் கிளை நரம்புகள், ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு முள். அந்தக் கயிற்றை வளையம் வளையமாகச் சுருட்டி இறக்கி, முட்களை விளிம்பில் வரிசை பிசகாமல் மாட்டி வைப்பார்கள். கடைசியில் கடலில் இறங்க வேண்டியது அடியில் இருக்கும், முதலில் இறங்க வேண்டியது மேலே இருக்கும். படகு ஓட ஓடக் கயிறு தானாக இறங்கும். நடுவில் ஒரு முள் வரிசை மாறினால் போதும், பின்னால் வருவதெல்லாம் சிக்கிக்கொள்ளும். ஓடுகிற கயிற்றில் கை மாட்டினால் விரல் போகும். அவர்களுக்கு அடுக்குவது என்பது மீன்பிடிப்பதில் பாதி வேலை. உனக்கும் அப்படித்தான் இருக்க வேண்டும்.

ஆகவே இரண்டு பை வை. தோளில் குறுக்காகக் கிடக்கும் சின்னப் பையில் பிளையர், பிச்சாத்தி, கட்டித் தயாராக வைத்த நரம்புகள், கொஞ்சம் ஈயம், ஒரு துணி. இவ்வளவுதான். மீன் மாட்டித் துள்ளும்போது ஒரு கை கம்பில் இருக்கும், மற்றக் கை பிளையரைத் தேடும். அந்தக் கைக்கு ஜிப்பைத் திறக்கக்கூட நேரம் இருக்காது. பிளையரைக் கயிறு கட்டிப் பையின் வெளியே தொங்கவிடு. மற்றதெல்லாம் கரையில் வைக்கும் பெரிய பையில் கிடக்கட்டும். கிளம்புவதற்கு முந்தின ராத்திரி அறையில் விளக்கை அணைத்துவிட்டுப் பிளையர், முள், டார்ச் மூன்றையும் பையிலிருந்து எடுத்துப் பார். தடவித் தேட வேண்டியிருந்தால் மறுபடி அடுக்கு.

முள்ளைக் கரையில் உட்கார்ந்து கட்டாதே, வீட்டிலேயே கட்டி வை. பழைய ரப்பர் செருப்பை இரண்டு விரல் அகலத்துக்கு வெட்டினால் நல்ல பலகை கிடைக்கும். முள் முனையை அதில் குத்தி, தங்கூசி நரம்பைச் சுற்றி, வால் நுனியை ஒரு கீறலில் செருகிவிடு. கெண்டைக்கும் ஜிலேபிக்கும் சின்ன முள் ஒரு பலகை. வராலுக்குப் பெரிய முள், கெட்டி நரம்பு தனிப் பலகை. முடிச்சை இறுக்குவதற்கு முன்னால் எச்சில் தொட்டு நனை. காய்ந்தபடி இழுத்தால் நரம்பு உரசிச் சூடேறி அந்த இடத்திலேயே பலம் இழக்கும், பெரிய மீன் இழுக்கும்போது அங்கேதான் அறும். நீ வாங்கியிருக்கிற ரப்பர் தவளைகளைக் கடினமான பிளாஸ்டிக் இரைகளோடு ஒரே டப்பாவில் போடாதே. மிருதுவான இரையில் சேர்த்திருக்கும் எண்ணெய் மற்றதை இளக்கி எல்லாவற்றையும் ஒட்டவைத்துவிடும். வந்த கவரிலேயே இருக்கட்டும்.

ராடை ரெயிலில் கொண்டுவர மூன்றங்குல பிவிசி குழாய் ஒன்று வாங்கு, இரண்டு பக்கமும் மூடி போடு. கம்பின் இரண்டு துண்டுகளையும் சைக்கிள் ட்யூப் வளையத்தால் சேர்த்துக் கட்டி உள்ளே விடு. டார்ச் கையில் பிடிக்கிறது வேண்டாம், நெற்றியில் கட்டுகிறதாக எடு. இங்கே விடியுமுன்னே ரப்பர் பால்வெட்டப் போகிறவர்கள் எல்லாரும் அதைத்தான் கட்டுகிறார்கள், இரண்டு கையும் வேலைக்கு வேண்டும் என்பதால்தான். மண்புழு நான் தோண்டி வைக்கிறேன். ஈரமண்ணோடு சிரட்டையில் வைத்து நிழலில் மூடினால் சாயங்காலம்வரை உயிரோடு இருக்கும்.

குளம் என்று சொன்னாயே, எந்தக் குளம் என்று நானே கேட்டுச் சொல்கிறேன். இங்கே பெரும்பாலான குளங்களில் மீன்பாசி ஏலம் போயிருக்கும். குத்தகை எடுத்தவர் காசு போட்டுக் குஞ்சு விட்டிருப்பார். அவரிடம் கேட்காமல் தூண்டில் போடுவது திருட்டு, பொழுதுபோக்கு என்று பேர் வைத்தாலும் அதுதான். பேச்சிப்பாறை, சிற்றாறு அணைகளிலும் மீன் உரிமை ஒன்று உண்டு, அதற்கு மேல் காடு வனத்துறையின் கையில் இருக்கிறது. அனுமதியை முதலில் வாங்குவோம், மற்றதைப் பிறகு கட்டுவோம்.

கோதையாற்றுப் பாறையில் உட்கார ஆசை வந்தால், அணையின் நீர்மட்டத்தைக் கேட்காமல் இறங்காதே. பேச்சிப்பாறைக்கு முழு அளவு 48 அடி. மலையில் மழை பெய்து அதற்குச் சில அடி குறைவாக இருக்கும்போதே உபரி நீரைத் திறந்துவிடுவார்கள். நம் தலைக்கு மேல் நல்ல வெயில் அடிக்கும், திற்பரப்பு அருவியில் குளிக்கத் தடை போட்டிருப்பார்கள். அருவிக்குத் தடை என்று காதில் விழுந்தால் ஆற்றில் தூண்டிலும் இல்லை.

முட்டம் பாறைதான் எனக்குப் பயமாக இருக்கிறது. 2024 மே 6 ஆம் தேதி லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவப் பிள்ளைகள் ஐந்து பேர் அலையில் சிக்கி இறந்தது தெரியும்தானே. அன்றைக்குப் புயல் ஒன்றும் இல்லை. இந்துமாக்கடலின் தென்கோடியில் எழும்பிய அலை நாட்கணக்கில் ஓடிவந்து நம் கரையில் ஏறுவதைத்தான் கள்ளக்கடல் என்கிறார்கள். ஐதராபாத்தில் இருக்கும் இன்கோயிஸ் என்கிற கடல் தகவல் மையம் அதற்கு முன்னாலேயே எச்சரிக்கை விட்டிருந்தது. 2017 நவம்பர் 30 இல் ஒக்கி புயல் அடித்தபோது ஆழ்கடலில் இருந்த தூத்தூர்க்காரர்களுக்குச் சேதி போய்ச்சேர வழியில்லை. உன் கையில் போன் இருக்கிறது. முந்தின ராத்திரியும் கிளம்பும் காலையிலும் இன்கோயிஸ் எச்சரிக்கையைப் பார். மூன்று பேருக்கு மூன்று லைஃப் ஜாக்கெட். அதைப் பையில் வைக்காதே, உடம்பில் போடு. பாசி பிடித்த பாறையில் ரப்பர் செருப்பு வழுக்கும், பிடிப்புள்ள ஷூ கொண்டுவா. பாறையில் ஏறியதும் பையைத் திறக்காமல் கால்மணி நேரம் சும்மா நின்று பார். அந்த நேரத்தில் எந்த அலை எதுவரை நனைக்கிறதோ, அதற்கும் நன்றாக மேலே தள்ளி நில். ஈரமாக இருக்கிற பாறை கடலுடையது என்று வைத்துக்கொள்.

ஒரு ஃபிளாஸ்கில் வெந்நீர் எடுக்க மறந்துவிடாதே. ஓரா மீனின் முள்ளோ கெளுத்தியின் முள்ளோ குத்தினால் வலி உயிரை எடுக்கும். பொறுக்கிற சூட்டில் வெந்நீர் விளாவி அதில் கையை வைத்திருந்தால் விஷத்தின் வலி அடங்கும், பிறகு ஆசுபத்திரிக்குப் போகலாம். தூண்டில் முள் கொக்கிவரை சதைக்குள் இறங்கிவிட்டால் பிடுங்கப் பார்க்காதே. நரம்பை அறுத்துவிட்டு முள்ளோடு அப்படியே டாக்டரிடம் போ. கண்ணுக்குப் பக்கம் என்றால் தொடவே கூடாது. மூன்று பேரும் கண்ணாடி போடுங்கள், பின்னாலிருந்து வீசுகிறவனின் முள்ளுக்குக் கண் தெரியாது.

மூடி போட்ட காலி பாட்டில் ஒன்று, அறுந்த நரம்பைப் போட. தங்கூசி மட்காது. கரையில் கிடந்தால் நீர்க்காகத்தின் காலில் சுற்றும், மாட்டின் வயிற்றுக்குள் போகும். உன்னுடையதையும் போடு, அங்கே கிடப்பதையும் பொறுக்கிப் போடு. இன்னொன்று, குளத்தில் சிவப்பாகக் குஞ்சுக்கூட்டம் மேலே வந்து வந்து கொப்பளிப்பதைக் கண்டால் அடியில் தாய் வரால் காவல் நிற்கிறது என்று அர்த்தம். அந்த இடத்தில் தவளையை வீசினால் கட்டாயம் கடிக்கும். அதனால்தான் வீசக்கூடாது. தாயைப் பிடித்தால் அந்தக் குஞ்சுகளை மற்ற மீன்கள் அன்றைக்கே தின்று தீர்க்கும்.

முட்டத்திலிருந்து வந்த ராத்திரி எவ்வளவு அலுப்பாக இருந்தாலும் சாமானைக் கழுவாமல் படுக்காதே. ரீலின் டிராக்கை இறுக்கிவிட்டு நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்று. பீச்சி அடித்தால் உப்பு உள்ளே ஏறிவிடும். துடைத்து நிழலில் காயவைத்து, டிராக்கைத் தளர்த்தி வை. உப்பு பட்ட முள்ளைப் புது முள்ளோடு சேர்க்காதே, ஒன்றின் துரு ஒரு டப்பாவையே கெடுக்கும். குளத்துச் சாமானும் கடல் சாமானும் எப்போதும் வேறு வேறாகவே இருக்கட்டும்.

நண்பர்களின் உயரத்தையும் எடையையும் எழுதி அனுப்பு. லைஃப் ஜாக்கெட்டை நான் இங்கே ஏற்பாடு செய்து வைக்கிறேன். உன் பழைய ரீல் இறுகிப்போயிருக்கிறது என்றாயே, அதையும் எடுத்துவா, இரண்டு பேருமாகத் திறந்து கிரீஸ் போடுவோம். அத்தை உன்னைக் கேட்டாள். எந்த ரெயில், நாகர்கோவிலில் எத்தனை மணிக்கு என்று அம்மையிடம் சொல்லிவிடு.

அன்புடன்,
உன் மாமன்