கோச்சை மாற்றினால் கோப்பை வருமா?

டீம் தொடர்ந்து தோற்கும்போது ரசிகனுக்குக் கோபத்தைக் கொட்ட ஓர் ஆள் வேண்டும். பந்தைக் கோட்டைவிட்ட பின்கள வீரரைத் திட்டலாம்தான். ஆனால் அடுத்த வாரமே அவர் தலையால் முட்டி ஒரு கோல் போட்டுவிட்டால், நாம்தான் எழுந்து நின்று கைதட்ட வேண்டியிருக்கும். முதலாளி மைதானத்தில் கண்ணில் படுவதே அபூர்வம். தொண்ணூறு நிமிடமும் எல்லைக்கோட்டோரம் நின்று, கையை ஆட்டி, தலையில் அடித்துக்கொண்டு, எல்லார் பார்வையிலும் படும்படி இருப்பவர் ஒருவர்தான். எனவே, 'கோச்சைத் தூக்கு!'

இந்தக் கோபம் எவ்வளவு தூரம் சரி என்று பார்க்க, ஹைதராபாத் எஃப்சியின் வரலாறு ஒன்றே போதும். இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) கால்பந்தில் ஆடியது ஆறே சீசன். அதற்குள் இரண்டு முறை கடைசி இடம், இரண்டு முறை லீக்கில் இரண்டாம் இடம், ஒரு முறை சாம்பியன். கோச்சுக்கு ஆரத்தியும் எடுத்தார்கள், அர்ச்சனையும் செய்தார்கள். இரண்டிலும் சில நம்பிக்கைகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

நம்பிக்கை: ஃபில் பிரவுனைத் துரத்தினார்கள், கோப்பை வந்தது

2019 ஆகஸ்டில், எஃப்சி புனே சிட்டி விட்டுப்போன இடத்தில் ஹைதராபாத் எஃப்சி பிறந்தது. முதல் கோச் ஃபில் பிரவுன், 2008இல் ஹல் சிட்டியை இங்கிலாந்தின் பிரீமியர் லீக்குக்கு ஏற்றியவர். இங்கே 12 ஆட்டத்தில் 5 புள்ளிதான் தேறியது. 2020 ஜனவரி 10 அன்று கச்சிபௌலி பாலயோகி ஸ்டேடியத்தில், சொந்த ரசிகர்கள் முன்னால், சென்னையின் எஃப்சியிடம் 1-3 என்று அடிவாங்கிய கையோடு அவரை அனுப்பிவிட்டார்கள். 2022 மார்ச் 20 அன்று கோவாவின் ஃபட்டோர்டா மைதானத்தில் அதே கிளப் கோப்பையைத் தூக்கியது. இரண்டு சம்பவங்களையும் அடுத்தடுத்து வைத்தால் கதை கச்சிதமாகத்தான் இருக்கிறது.

நடுவில் இருப்பதுதான் விஷயம். பிரவுனுக்குப் பின் இடைக்காலப் பொறுப்பேற்ற ஹாவியர் குர்ரி லோபெஸ் மீதி 6 ஆட்டத்தில் 5 புள்ளி சேர்த்தார். கடைசி ஆட்டத்தில் நார்த்ஈஸ்ட் யுனைடெட்டை 5-1 என்று நொறுக்கவும் செய்தார்கள். ஆனாலும் 18 ஆட்டத்தில் 10 புள்ளி, பத்து அணிகளில் பத்தாவது இடம். அடுத்த சீசனுக்காக ஒப்பந்தமான ஆல்பர்ட் ரோகா ஓர் ஆட்டம்கூடத் தலைமைக் கோச்சாக நடத்தவில்லை. பார்சிலோனா கூப்பிட்டது, போய்விட்டார். ஆகஸ்ட் இறுதியில் அவசரமாகக் கொண்டுவரப்பட்டவர்தான் ஸ்பெயினின் மனோலோ மார்க்கெஸ்.

அவர் வந்ததும் கோப்பை வந்துவிட்டதா என்றால், இல்லை. 2020-21இல் ஐந்தாவது இடம். முதல் நான்கு அணிகளுக்கான பிளேஆஃப் கைநழுவியது. அப்போது நிர்வாகம் செய்த நல்ல காரியம், எதுவும் செய்யாமல் இருந்தது. கோச் அப்படியே இருந்தார். ஆகாஷ் மிஸ்ரா, ஆசிஷ் ராய் போன்ற இளைஞர்களுக்கு ஆட்டத்துக்கு மேல் ஆட்டம் கிடைத்தது. முன்களத்துக்கு பார்தலோமியு ஒக்பெச்சே வந்து அடுத்த சீசனில் 18 கோல் அடித்தார். இன்னொன்றையும் மறக்கக் கூடாது: ஐஎஸ்எல்லில் அப்போது கீழ் டிவிஷனுக்கு இறக்கம் கிடையாது. கடைசி இடத்தில் முடித்த டீம் அடுத்த வருஷமும் அதே லீக்கில், அதே வரிசையில் நின்று ஆடியது. இங்கிலாந்தில் பிரவுனின் பழைய சகாக்களுக்கு இந்தச் சலுகை கிடைத்ததில்லை.

கோப்பை வந்த அந்த 2022 இறுதிப் போட்டியைச் சற்று நெருங்கிப் பாருங்கள். 68ஆவது நிமிடத்தில் கே.பி. ராகுல் கேரளா பிளாஸ்டர்ஸுக்குக் கோல் போடுகிறார். நேரம் ஓடுகிறது. மாற்று வீரராக உள்ளே வந்த சாஹில் தவோரா 88ஆவது நிமிடத்தில், தரையில் விழுமுன்பே ஓங்கி உதைத்த பந்து வலைக்குள் போகிறது. பெனால்டி ஷூட் அவுட்டில் கோல்கீப்பர் லக்ஷ்மிகாந்த் கட்டிமணி மூன்று பேரின் உதைகளைத் தடுக்கிறார். அதில் நிஷு குமாரின் உதையை மறுபடி எடுக்கச் சொன்னபோது அதையும் சேர்த்து. 3-1. தவோராவின் பந்து கம்பத்துக்கு மேலே ஓரடி பறந்திருந்தால், 'ஆளைத் தாமதமாக இறக்கிக் கெடுத்தவர்' என்ற பெயரோடு மார்க்கெஸ் ஊர் போய்ச் சேர்ந்திருப்பார். செய்த மாற்றம் அதேதான்.

நம்பிக்கை: புது கோச் வந்தாலே டீம் நிமிரும்

புள்ளிக்கணக்கு இதற்குச் சாதகமாகப் பேசுவதுபோலத் தெரியும். பிரவுனின் 12 ஆட்டத்தில் 5 புள்ளி, லோபெஸின் ஆறே ஆட்டத்தில் 5. ஐந்து வருஷம் கழித்து மறுபடி அதே காட்சி: 2024 டிசம்பரில் தாங்போய் சிங்டோ நீக்கப்பட்டபோது 11 ஆட்டத்தில் 7 புள்ளி, பொறுப்பேற்ற ஷமீல் செம்பகத் மீதி 13 ஆட்டத்தில் 11 புள்ளி எடுத்தார். நிமிர்ந்ததா இல்லையா என்று கேட்டால், நிமிர்ந்தது. ஆனால் பட்டியலைப் பாருங்கள்: பிரவுன் போகும்போது கடைசி இடம், சீசன் முடிவிலும் கடைசி இடம். சிங்டோ போகும்போது 12ஆவது இடம், முடிவிலும் 12ஆவது இடம்.

கோச்சை நீக்குவது பெரும்பாலும் டீம் அடிமட்டத்தில் கிடக்கும்போதுதான். அந்த நேரத்தில் துரதிர்ஷ்டமும் கொஞ்சம் கூடவே சேர்ந்திருக்கும்: கம்பத்தில் பட்டுத் திரும்பிய பந்து, காயம்பட்ட முன்கள வீரர், கடைசி நிமிட பெனால்டி. அது என்றைக்குமா நீடிக்கும்? யார் கோட்டோரம் நின்றாலும் ஓரளவு சரியாகிவிடும். நெதர்லாந்துப் பொருளியல் ஆய்வாளர் பாஸ் டெர் வீல் 1986 முதல் 2004 வரையிலான டச்சு லீக் ஆட்டங்களை அலசினார். கோச்சை நீக்கிய அணிகள் நிமிர்ந்தது உண்மை. ஆனால் அதே அளவு சரிந்தும் கோச்சை வைத்துக்கொண்ட அணிகளும் ஏறக்குறைய அதேபோலத்தான் நிமிர்ந்திருந்தன.

சென்னைக்காரர்கள் உடனே ஓவன் கோய்லை எடுத்துக் காட்டுவார்கள். நியாயம்தான். 2019-20இல் ஜான் கிரெகரி விலகிய பிறகு, டிசம்பரில் வந்த கோய்ல் டீமைத் தூக்கி நிறுத்தி இறுதிப் போட்டி வரை கொண்டுபோனார். அதை வெறும் அதிர்ஷ்டம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அதே கோய்ல் 2023இல் அதே சென்னைக்குத் திரும்பி வந்தார். 2024-25இல் கிடைத்தது 11ஆவது இடம். காலித் ஜமீலின் கதையும் அப்படித்தான். 2021 தொடக்கத்தில் நார்த்ஈஸ்ட் யுனைடெட்டின் இடைக்காலப் பொறுப்பை ஏற்று பிளேஆஃப் வரை கொண்டுபோனார். அடுத்த சீசனை முழுசாக அவர் கையில் கொடுத்தபோது 11 அணிகளில் 10ஆவது.

நம்பிக்கை: கெட்டிக்கார கோச் எங்கே போனாலும் ஜெயிப்பார்

மார்க்கெஸ் 2023இல் எஃப்சி கோவாவுக்குப் போனார். 2024 ஜூலையில் கோவாவோடு இந்திய அணியின் பொறுப்பும் சேர்ந்தது. அடுத்த வருஷத்துக்குள் கோவாவுக்கு லீக்கில் இரண்டாம் இடம், 2025 மே மாதம் சூப்பர் கப். அதே மனிதர், அதே மாதங்களில், இந்திய அணியோடு 8 ஆட்டத்தில் ஜெயித்தது ஒன்றே ஒன்று, மாலத்தீவை. அந்த எட்டில் மூன்று நடந்தது அவருக்கு அத்துபடியான கச்சிபௌலி மைதானத்தில்: மொரிஷியஸோடு 0-0, சிரியாவிடம் 0-3, மலேசியாவோடு 1-1. 2025 ஜூனில் ஹாங்காங்கிடமும் தோற்ற பிறகு ஒதுங்கிக்கொண்டார். ஒரே தலைக்குள் ஒரே வருஷத்தில் அறிவு ஏறி இறங்கியிருக்க வழியில்லை.

நம்பிக்கை: வெளிநாட்டு கோச் போய் நம்மாள் வந்தார், டீம் படுத்துவிட்டது

ஹைதராபாத்தில் நான் அதிகம் கேட்டது இதைத்தான். ஐடி கம்பெனியில் வேலை பார்க்கும் நம்மூர்த் தம்பி ஒருவர், "அண்ணா, ஸ்பெயின்காரர் இருந்த வரைக்கும் டீம் டீமா இருந்துச்சுண்ணா" என்று அடித்துச் சொன்னார். 2022-23இல் மார்க்கெஸின் கீழ் 42 புள்ளி. 2023-24இல் மணிப்பூரின் சிங்டோவின் கீழ் 22 ஆட்டத்தில் 8 புள்ளி. வேறென்ன சாட்சி வேண்டும்?

சம்பளப் பட்டியல் வேண்டும். அந்த சீசனில் வீரர்களுக்குச் சம்பளம் ஒழுங்காக வரவில்லை. பழைய வீரர்களுக்குப் பாக்கி வைத்ததற்காகப் புதிய ஆட்களைப் பதிவு செய்யவும் தடை விழுந்தது. வெளிநாட்டு வீரர்கள் ஒவ்வொருவராக மூட்டை கட்டினார்கள். ஜனவரிக்குள் இந்திய வீரர்கள் பலரும் கிளம்பினார்கள். வெளிநாட்டவரில் பிரேசிலின் ஜோவாவ் விக்டர் மட்டும் நின்றார். ஐஎஸ்எல் விதிப்படி ஒரு நேரத்தில் நான்கு வெளிநாட்டவரைக் களத்தில் வைத்துக்கொள்ளலாம். எதிரணி நால்வரோடு இறங்கும். ஹைதராபாத் ஒருவரோடு இறங்கும். மிச்சமெல்லாம் இருபது வயதை ஒட்டிய பையன்கள். எழுபதாவது நிமிடத்தில் 'ஸ்ட்ரைக்கரை இறக்கு' என்று ஸ்டாண்டிலிருந்து கூவும்போது, இறக்க ஸ்ட்ரைக்கர் என்று ஒருவர் பெஞ்சில் இருக்க வேண்டுமே!

அந்தப் பையன்கள் அந்த சீசனில் ஓர் ஆட்டம் ஜெயித்தார்கள். 2024 மார்ச்சில், 1-0. தோற்றது சென்னையின் எஃப்சி, அதுவும் சென்னை நேரு ஸ்டேடியத்தில். எனக்கு வருத்தம்தான், ஆனாலும் கைதட்டாமல் இருக்க முடியவில்லை.

'நம்மாள்' மீதான இந்த அவநம்பிக்கை ஹைதராபாத்தில் முளைப்பதுதான் வேடிக்கை. இந்தியா இதுவரை கண்ட மிகப் பெரிய கால்பந்து கோச் இந்த ஊர்ப் பள்ளி ஆசிரியர், சையத் அப்துல் ரஹீம். அவர் கையில் ஹைதராபாத் சிட்டி போலீஸ் 1950 முதல் 1954 வரை ஐந்து வருஷம் தொடர்ந்து ரோவர்ஸ் கோப்பையை வென்றது. அவர் கையில்தான் இந்தியா 1951, 1962 ஆசிய விளையாட்டுகளில் தங்கம் வாங்கியது. கிரிக்கெட் ஊர், பிரியாணி ஊர், இங்கே பந்தை யார் பார்ப்பார்கள் என்று பேசுகிறவர்களுக்கும் இதுவே பதில்.

ரஹீமும் அடிவாங்கியிருக்கிறார். 1952 ஹெல்சின்கி ஒலிம்பிக்ஸில் யூகோஸ்லாவியாவிடம் 1-10. பலர் வெறுங்காலோடு ஆடிய ஆட்டம் அது. இன்றைக்கு அப்படி ஒரு ஸ்கோர் வந்தால் கோச் விமானம் ஏறுமுன்பே வேலை போயிருக்கும். 1956 மெல்போர்னில் நான்காம் இடம் பிடித்த இந்திய அணிக்கும் அவர்தான் கோச். 1962 ஜகார்த்தாவிலும் முதல் ஆட்டத்தில் தென்கொரியாவிடம் 0-2 என்று தோற்று, இறுதியில் அதே தென்கொரியாவை 2-1 என்று வென்றார்கள். அன்று கோல் காத்தவர் ஹைதராபாத்தில் பிறந்த பீட்டர் தங்கராஜ். அந்த அணியின் துளசிதாஸ் பலராமோ செகந்திராபாத்தை ஒட்டிய அம்முகுடாவில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர்.

இங்கே ஒரு விவரம் முக்கியம். ரஹீம் வெறும் கோச் அல்ல, ஹைதராபாத் கால்பந்து சங்கத்தின் செயலாளரும் அவரே. உள்ளூர்ப் போட்டிகளை நடத்துவதும், சந்து பொந்துகளில் ஆடும் பையன்களைக் கண்டுபிடிப்பதும், அவர்களைப் பழக்குவதும் அவர் பொறுப்பு. அதிகாரமும் அவரிடம், காலமும் அவரிடம். பதிவுத் தடையோடும் பாக்கிச் சம்பளத்தோடும் நின்ற சிங்டோவிடம் இரண்டில் எது இருந்தது?

நம்பிக்கை: நாம் கத்தினால் முதலாளி காதில் விழும்

விழும், நன்றாகவே விழும். ஆனால் அவர் காதுக்கு அது இனிப்பாகவும் இருக்கலாம். ஸ்டாண்ட் முழுக்கக் கோச்சின் பெயரைச் சொல்லிக் கூவும்போது, பாக்கிச் சம்பளத்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை. ஆளை மாற்றினால் ஆத்திரம் கொஞ்ச நாள் அடங்கும், செலவும் குறைவு. உதவிக் கோச்சையோ இளையோர் அணிக் கோச்சையோ மேலே ஏற்றிவிட்டால் போதும். கேரளாவின் மஞ்சப்படை ரசிகர்கள் இதைப் புரிந்துகொண்டார்கள். 2024 டிசம்பரில் பிளாஸ்டர்ஸ் நிர்வாகம் மிகேல் ஸ்டாரேயை நீக்கிய பிறகும் அவர்கள் ஓயவில்லை. எங்கள் சண்டை நிர்வாகத்தோடு என்று நின்றார்கள்.

ஹைதராபாத்தில் 2024இல் முதலாளி மாறினார், பி.சி. ஜிந்தல் குழுமம் கிளப்பை வாங்கியது. கடைசி நேரத்தில் ஆள் சேர்த்துத் தொடங்கிய சீசன், டிசம்பரில் சிங்டோ பலி, முடிவில் 12ஆவது இடம். 2025 அக்டோபரில் கிளப் டெல்லிக்கு மாற்றப்பட்டது; பெயரும் ஸ்போர்ட்டிங் கிளப் டெல்லி ஆனது. 'டெக்கான் லீஜன்' என்று கொடி பிடித்த ரசிகர்களுக்குத் திட்ட ஒரு கோச்கூட மிச்சமில்லை.

சென்னை நேரு ஸ்டேடியத்துக்கு டிக்கெட் வாங்கிப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். டீம் தோற்றால் தாராளமாகக் கோபப்படுங்கள். முதலில் கேட்க வேண்டியவை இவை: வீரர்களுக்குச் சம்பளம் எந்தத் தேதியில் போகிறது, கிளப்புக்கு உரிமம் கிடைத்ததா, இளையோர் அணிக்கு எவ்வளவு செலவழிக்கிறார்கள். பதில் வந்த பிறகு கோச்சைத் திட்டிக்கொள்ளலாம். அவர் எங்கும் ஓடிவிட மாட்டார், அதே கோட்டோரம்தான் நிற்பார்.