மலை மேல மழை... தண்ணி யாருக்கு?

கொல்லிமலை ஆகாய கங்கையில குளிச்சிருப்பீங்க. அந்தத் தண்ணி எங்க போகுதுன்னு யோசிச்சதுண்டா? நாமக்கல் மாவட்டத்து மலையில பிறக்கும் அய்யாறு, திருச்சி மாவட்டத்துல இறங்கி காவிரியில சேருது. எங்கெல்லாம் பெய்யும் மழை ஒரே ஆத்துக்கு வடியுதோ, அந்த மொத்த இடமும் அதோட நீர்ப்பிடிப்புப் பகுதி. அதுக்கு எல்லைக்கோடு தெரியாது.

காவிரிக்கு 1924லயே மதராஸ் மாகாணமும் மைசூர் சமஸ்தானமும் ஒப்பந்தம் போட்டாங்க. 2018 உச்ச நீதிமன்றத் தீர்ப்புப்படி, பிலிகுண்டுலுவில் வருஷத்துக்கு 177.25 டிஎம்சி வரணும் (1 டிஎம்சி = 100 கோடி கன அடி). நல்ல மழை பெஞ்சா பெரிய பிரச்சினை இல்ல. மழை பொய்க்கும்போது யாருக்கு எவ்வளவு குறைக்கிறது என்பதில்தான் சண்டை.

நாடுகளுக்கு நடுவுலயும் இதே கதைதான். தாய்லாந்து, லாவோஸ், கம்போடியா, வியட்நாம் நாலும் சேர்ந்து 1995ல் மீகாங் ஆணையம் அமைச்சாங்க. ஆனா மேல் பகுதியில அணைகள் கட்டியிருக்கும் சீனா அதுல உறுப்பினர் இல்ல. வருஷம் முழுக்க நீர் அளவுத் தகவல் தர சீனா ஒத்துக்கிட்டதே 2020லதான்.

ஆக, நல்ல ஒப்பந்தத்துக்கு ரெண்டு விஷயம் வேணும்: இரு தரப்பும் நம்பும் அளவீடு, வறட்சிக்குன்னு முன்கூட்டியே எழுதின விதி. முதலாவது நம்ம வேலை, சிவில் மக்களே!