பழைய கணினிக்கு லினக்ஸ் சரிவருமா?

கேள்வி: எங்கள் பள்ளிக் கணினிகளில் விண்டோஸ் நகரவே மாட்டேன் என்கிறது. லினக்ஸ் போட்டால் பிள்ளைகள் குழம்பிவிடுவார்களோ?
– ஓர் ஆசிரியை, மூங்கில்துறைப்பட்டு

பதில்: பிள்ளைகளா? குழம்புவது பெரும்பாலும் நாம்தான், டீச்சர்! 2011-இல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்திலேயே விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் இருந்தது. மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையம் உருவாக்கியது அது. திறந்து காட்டத்தான் ஆளில்லை. பக்கத்துக் கேரளத்தில் அரசுப் பள்ளிகள் பல ஆண்டுகளாக லினக்ஸிலேயே கணினிப் பாடம் நடத்துகின்றன.

லுபுண்டு போன்ற எடை குறைந்த லினக்ஸைப் பென்டிரைவில் ஏற்றுங்கள். நிறுவாமலே ஓட்டிப் பார்க்கலாம். பழைய விண்டோஸ் அப்படியே இருக்கும். லிப்ரே ஆபீஸில் தமிழிலேயே தட்டச்சு செய்யலாம். சின்னப் பிள்ளைகளுக்கு ஜிகாம்ப்ரி விளையாட்டுகள் உண்டு. வேகம் திருப்தியாக இருந்தால் மட்டும் நிரந்தரமாக நிறுவுங்கள். அதற்கு முன் மதிப்பெண் பட்டியல்களை வேறிடத்தில் நகலெடுத்து வைக்க மறந்துவிடாதீர்கள்.