பெர்மா தவறிய எண்

4294967297. நானூற்று இருபத்தொன்பது கோடியே நாற்பத்தொன்பது லட்சத்து அறுபத்தேழாயிரத்து இருநூற்றுத் தொண்ணூற்றேழு. இது பகா எண்ணா, பகு எண்ணா? எங்கள் கணித ஆசிரியை இதைக் கரும்பலகையில் எழுதியதும் நாங்கள் 3, 7, 11 என்று வகுக்கத் தொடங்கினோம். மணி அடித்தது, விடை வரவில்லை.

தோழியரே, இவ்வெண்ணுக்கு ஒரு வரலாறு உண்டு. பிரான்சு நாட்டின் துலூஸ் நகரில் சட்டத்துறையில் பணியாற்றியவர் பெர்மா. கணிதம் அவருக்கு ஓய்வுநேர வேலை. 2-இன் அடுக்காக 1, 2, 4, 8, 16 என இட்டு, ஒவ்வொரு விடையோடும் 1 கூட்டினால் 3, 5, 17, 257, 65537 கிடைக்கின்றன. ஐந்தும் பகா எண்கள். அடுக்கை இப்படியே இரட்டித்துக்கொண்டு போனால் வருவதெல்லாம் பகா எண்களே என்று 1640-இல் எழுதினார். அதற்கு நிரூபணம் தம்மிடம் இல்லை என்பதையும் மறைக்கவில்லை. அடுத்து வருவது 2³² + 1. அதுவே நம் எண்.

92 ஆண்டுகள் கழித்து, 1732-இல், 25 வயது ஆய்லர் இவ்வெண்ணை 641 மீதியின்றி வகுக்கும் என்று காட்டினார். 641 என்பது 116-ஆவது பகா எண். நாங்கள் தொடங்கிய வழியில் போயிருந்தால் ஒரு வாரம் ஆகியிருக்கும்! ஆனால் இவ்வெண்ணின் காரணி எதுவாயினும் அது 64-இன் மடங்கோடு 1 கூட்டியதாகவே இருக்கும் என்பதையும் ஆய்லர் நிரூபித்தார். அத்தகைய பகா எண்கள் 193, 257, 449, 577, 641. ஐந்தாம் முயற்சியிலேயே அகப்பட்டுவிடுகிறது.

வகுக்காமலும் இதைக் காட்டலாம். எங்களுக்கு மிகவும் பிடித்தது இதுதான். 641 = 625 + 16, அதாவது 5⁴ + 2⁴. இதை 2²⁸-ஆல் பெருக்குவோம். முதல் பகுதி 5⁴ × 2²⁸; இது (5 × 2⁷)⁴, அதாவது 640⁴. இரண்டாம் பகுதி 2³². ஆகவே,

641 × 2²⁸ = 640⁴ + 2³²

640⁴ − 1 என்பதற்கு 640 + 1 ஒரு காரணி. இது வகுப்பில் நாம் படித்த வர்க்க வித்தியாசமே. எனவே 641 × 2²⁸, 640⁴ − 1 ஆகிய இரண்டையும் 641 வகுக்கும். அவற்றின் வித்தியாசத்தையும் வகுக்கும்.

172067127296 − 167772159999 = 4294967297

பெர்மாவின் வரிசையில் ஆறாவதாக ஒரு பகா எண் இன்றுவரை கிடைக்கவில்லை.

மற்றொரு காரணி 6700417. அதுவும் பகா எண்தானா? அதன் வர்க்கமூலம் 2588-ஐச் சற்றே தாண்டும். ஆய்லரின் விதிப்படி 641, 769, 1153, 1217, 1409, 1601, 2113 ஆகிய ஏழை மட்டும் சோதித்தால் போதும். (இராமானுஜனின் 1729-உம் 64-இன் மடங்கோடு 1 தான், ஆனால் அது 7 × 13 × 19 என்பதால் விட்டுவிட்டோம்.) எழுவர் ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டு வகுத்தோம். ஒருத்தி இடையில் ஓர் இலக்கத்தை விட்டுவிட்டு, மீதி வரவில்லை என்று கூவி எங்களைப் பதறவைத்தாள். மறுபடி வகுத்ததில் ஏழுக்கும் மீதி வந்தது. 2113-க்கு வந்த மீதி 94.